பிலாக்சி பாரிலிருந்து சென்னை ஒயின் ஷாப் வரை: ஒரு ஹெச்.ஐ.வி. தடுப்பு யோசனையின் 20 ஆண்டுகள்

2010ல் ஒரு மருத்துவ இதழில் வந்த கட்டுரையிலிருந்து தொடங்குகிறேன். ஐந்து நாடுகள், 18,000க்கும் அதிகமான மனிதர்கள். சீனாவில் சந்தைக் கடைக்காரர்கள், பெருவில் ஏழைக் குடியிருப்புகளின் இளைஞர்கள், ரஷ்யாவில் தொழிற்பள்ளி விடுதி மாணவர்கள், ஜிம்பாப்வேயில் கிராமப்புறச் சிற்றூர்வாசிகள், இந்தியாவில் சென்னை ஒயின் ஷாப்புகளுக்கு வழக்கமாக வந்துபோகிறவர்கள். எல்லா நாட்டிலும் சோதித்தது ஒரே யோசனையைத்தான். ஒரு கூட்டத்தில் யார் பேச்சு எடுபடுமோ அவர்களைக் கண்டுபிடித்துப் பயிற்சி கொடுத்து, தங்கள் நண்பர்களிடம் பாதுகாப்பான உடலுறவு பற்றிச் சாதாரணமாகப் பேசவைத்தால், அந்தக் கூட்டத்தின் பழக்கமே மாறுமா? இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த பிறகு கிடைத்த பதில், பயிற்சி நடந்த இடங்களுக்கும் நடக்காத இடங்களுக்கும் வித்தியாசம் இல்லை என்பதுதான்.

இந்த ஒரு வரியோடு கட்டுரையை மூடிவைத்துவிடுவது எளிது. முதல் தடவை படித்தபோது நானும் அப்படித்தான் மூடிவைத்தேன். ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. துணைவர் அல்லாதவர்களோடு பாதுகாப்பில்லாமல் உறவுகொள்வது இரண்டு பக்கமும் ஏறத்தாழ 33 சதவீதம் குறைந்திருந்தது. பயிற்சி நடந்த கடையிலும் குறைந்தது, நடக்காத கடையிலும் அதே அளவு குறைந்தது. ஒன்றும் நடக்காத இடத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆபத்து எப்படிக் குறையும்? அந்த இடத்தில் என்னதான் நடந்தது?

இதற்குப் பதில் தேட, இந்த யோசனையை உருவாக்கிய ஜெஃப்ரி கெல்லியின் கட்டுரைகளை 1989லிருந்து வரிசையாகப் படித்தேன். கெல்லி அமெரிக்க உளவியலாளர். மிசிசிப்பியில் தொடங்கி, பிறகு விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் எய்ட்ஸ் தடுப்பு ஆய்வுக்கென்றே ஒரு மையத்தை நடத்தியவர். வரிசையாகப் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். ஒவ்வொரு கட்டுரையும் முந்தைய கட்டுரை விட்டுவைத்த ஒரு சிக்கலுக்கான பதிலாக இருக்கிறது.

முதல் சிக்கல்: பன்னிரண்டு வாரம் யாருக்கு இருக்கிறது?

1989ல் ஹெச்.ஐ.வி.க்குப் பலன் தரும் சிகிச்சை இல்லை. ஏ.இசட்.டி. என்ற ஒரே மருந்துதான் இருந்தது, அதுவும் நோயைத் தள்ளிப்போட மட்டுமே ஓரளவு உதவியது. தொற்று வராமல் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. அதற்கும் நடத்தை மாற்றம் ஒன்றுதான் வழி. கெல்லியும் சக ஆய்வாளர்களும் ஆபத்தான உறவுப் பழக்கம் இருந்த 104 தற்பாலீர்ப்பு ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வாரம் ஒன்றாக 12 அமர்வுகள். மறுபாதி காத்திருப்புப் பட்டியலில்.

அந்த அமர்வுகளில் சொல்லிக்கொடுத்தது நோய் பற்றிய தகவல் மட்டும் இல்லை. எந்த மனநிலையில், எந்த இடத்தில், என்ன குடித்த பிறகு எச்சரிக்கை தளர்கிறது என்று ஒவ்வொருவரும் தன்னைத்தானே கவனிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஆணுறை போட மறுக்கும் துணையிடம் உறவைக் கெடுத்துக்கொள்ளாமல் எப்படி மறுப்பது என்று நடித்துப் பார்த்துப் பழகினார்கள். பயமுறுத்தும் போஸ்டர்கள்தான் தடுப்புப் பிரசாரம் என்றிருந்த காலத்தில் இதை ஒரு திறமையாக, பழகிக்கொள்ளக்கூடிய ஒன்றாகப் பார்த்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. தெரியாமல் தப்பு செய்கிறவர்களைவிடத் தெரிந்தும் அந்த நேரத்தில் வாய் திறக்க முடியாதவர்கள்தான் அதிகம். இதை ஆலோசனை மையத்தில் ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்த யாரும் ஒத்துக்கொள்வார்கள்.

இந்தப் பயிற்சித் தலையீடு பலன் கொடுத்தது. ஆனால் சிக்கல் கணக்கில் இருந்தது. நூறு பேருக்குப் பன்னிரண்டு வாரம், பயிற்சி பெற்ற உளவியலாளர்கள். தொற்றோ ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தது. தானாக முன்வந்து பன்னிரண்டு வாரம் வருகிறவர் எப்படியும் பாதி மாறிய மனிதர். வராதவரை எப்படி எட்டுவது?

பிலாக்சி

இங்கேதான் பேச்சு எடுபடுகிற ஆட்களைப் பற்றிய யோசனை வருகிறது. அது கெல்லிக்குச் சொந்தமானது அல்ல. அமெரிக்காவின் ஐயோவா மாநில விவசாயிகள் ஒட்டுரக மக்காச்சோளத்துக்கு எப்படி மாறினார்கள் என்று ஆராய்ந்த 1943ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே அதன் வேர் இருக்கிறது. விதை நல்லது என்ற தகவல் விற்பனையாளரிடமிருந்து வந்தது. ஆனால் விதைக்கலாம் என்ற முடிவைப் பக்கத்து வயல்காரரைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். சமூகவியலாளர் எவரெட் ரோஜர்ஸ் பின்னாளில் இதை ஒரு கோட்பாடாக விரித்தார். ஒரு கூட்டத்தில் சுமார் 15 சதவீதம் பேர் புதியதை ஏற்றுக்கொண்டால் மற்றவர்களிடம் அது தானாகப் பரவத் தொடங்கும் என்ற கணக்கும் அங்கிருந்துதான் வருகிறது.

கெல்லி குழு தேர்ந்தெடுத்தது மிசிசிப்பியின் கடலோர நகரமான பிலாக்சியை. ஒப்பிட்டுப் பார்க்க அதே மாநிலத்தின் ஹாட்டீஸ்பர்க், பக்கத்து லூசியானாவின் மன்ரோ. மூன்றும் சிறு நகரங்கள். மூன்றிலும் தற்பாலீர்ப்பு ஆண்கள் சந்தித்துக்கொள்ள ஒன்றிரண்டு பார்கள்தான் இருந்தன. அவர்களில் செல்வாக்குள்ளவர் யார் என்று ஆராய்ச்சியாளர்கள் முடிவு செய்யவில்லை. பாரில் மது ஊற்றிக்கொடுப்பவர்களிடம், யார் உள்ளே வந்தால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள், யாரிடம் எல்லோரும் வலியப்போய்ப் பேசுகிறார்கள் என்று சில நாட்கள் கவனிக்கச் சொன்னார்கள். அந்தப் பெயர்களிலிருந்து பட்டியல் தயாரானது. கடைசியில் 43 பேர் பயிற்சி பெற்றார்கள்.

பயிற்சியின் உள்ளடக்கத்தைவிட அதன் தொனிதான் என்னைக் கவர்ந்தது. நண்பனுக்கு உபதேசம் செய்யக் கூடாது. ‘நீ இப்படிச் செய்யணும்’ என்று சொல்லாமல் ‘நான் இப்போ இப்படித்தான் செய்றேன்’ என்று சொல்ல வேண்டும். பேச்சைத் தொடங்கிவைக்க ஒரு சின்ன உத்தி: சட்டையில் குத்திக்கொள்ளப் போக்குவரத்து சிக்னல் படம் போட்ட ஒரு பட்டன். அதில் எழுத்து எதுவும் கிடையாது. பார் சுவரிலும் அதே படம். ‘இது என்ன?’ என்று யாராவது கேட்டால் பேச்சு தானாகத் தொடங்கிவிடும். ஒவ்வொருவரும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் நண்பர்களோடு பேசுவதாக ஒப்புக்கொண்டார்கள்.

1991ல் வந்த முடிவு: பிலாக்சியில் முந்தைய இரண்டு மாதங்களில் பாதுகாப்பற்ற ஆசனவழி உறவு கொண்டவர்களின் விகிதம் 36.9 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாகக் குறைந்தது. ஒப்பீட்டு நகரங்களில் அப்படி ஒரு மாற்றம் இல்லை. இது பயிற்சி பெற்ற 43 பேரின் கணக்கு அல்ல, பாருக்கு வந்த எல்லோரின் கணக்கு. அதுதான் இதன் முக்கியத்துவம். அடுத்த ஆண்டு வந்த கட்டுரையில், மற்ற இரண்டு நகரங்களிலும் ஒன்றன்பின் ஒன்றாக இதே பயிற்சி நடந்தபோது அங்கும் ஆபத்து குறைந்ததைக் காட்டினார்கள். எங்கே எப்போது நுழைகிறதோ அங்கே அப்போது மாற்றம் வருகிறது. சிறிய ஆய்வுக்கு இது நல்ல வலுவான ஆதாரம்.

1997ல் இதைப் பெரிதாக்கினார்கள். எட்டு சிறு நகரங்கள், குலுக்கல் முறையில் நான்கில் பயிற்சி, நான்கில் பாரில் துண்டுப் பிரசுரங்கள் மட்டும். ஓராண்டு கழித்துப் பயிற்சி நடந்த நகரங்களில் ஆணுறையோடு நடந்த ஆசனவழி உறவின் பங்கு 44.7 சதவீதத்திலிருந்து 66.8 சதவீதமாக உயர்ந்திருந்தது. 2000ல் ஐந்து அமெரிக்க நகரங்களின் 18 குறைந்த வருமானக் குடியிருப்புகளில் பெண்களிடையே நடந்த ஆய்விலும் (கெல்லி இதில் இணை ஆசிரியர்) பாதுகாப்பற்ற உறவு கொண்டவர்கள் 50 சதவீதத்திலிருந்து 37.6 சதவீதமாகக் குறைந்தார்கள்.

இந்தக் கட்டுரைகளில் ஒப்பீட்டு இடத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது என்ன என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1991ல் ஏறக்குறைய ஒன்றுமில்லை. 1997ல் துண்டுப் பிரசுரம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதே 2000ல் வந்த இன்னொரு கட்டுரையை அதிகம் பேர் பேசுவதில்லை, ஆனால் எனக்குப் பிடித்தது. 74 எய்ட்ஸ் சேவை அமைப்புகளை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கையேடு மட்டும், அடுத்ததற்குக் கையேடும் பயிலரங்கும், மூன்றாவதற்கு இவற்றோடு தொடர்ந்து தொலைபேசி ஆலோசனையும் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுதான் தலையீட்டை அதிகம் கைக்கொண்டது. ஆய்வு வெற்றி பெற்றுவிட்டால் களத்தில் தானாக நடந்துவிடும் என்ற நினைப்பை ஆராய்ச்சியாளரே எண்களால் சோதித்துப் பார்த்திருக்கிறார்.

கடல் தாண்டியதும்

பிரிட்டனில் இரண்டு இடங்களில் இதே பாணியில் முயன்றார்கள். லண்டனில் தற்பாலீர்ப்பு ஆண்கள் வரும் உடற்பயிற்சிக் கூடங்களிலும், கிளாஸ்கோவில் பார்களிலும். இரண்டிலும் உறவுப் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் வரவில்லை. லண்டன் கட்டுரை 2001ல் வந்தபோது அதன் தலைப்பே சக நண்பர் வழிக் கல்வியால் பலனில்லை என்று சொன்னது.

2004ல் கெல்லி பதில் எழுதினார். பெயர்தான் ஒன்று, செய்தது வேறு என்பது அவர் வாதம். செல்வாக்குள்ளவர்களைக் கூர்ந்து கவனித்துத் தேர்ந்தெடுப்பது, போதிய எண்ணிக்கையில் பயிற்சி கொடுப்பது, பேச்சுத்திறனைப் பழக்குவது, தொடர்ந்து புதியவர்களைச் சேர்ப்பது போன்ற அடிப்படைக் கூறுகளைப் பட்டியலிட்டு, இவை இல்லாமல் நடத்திவிட்டு யோசனை தோற்றது என்று சொல்லக் கூடாது என்றார். பிரிட்டன் ஆய்வாளர்கள் இதை ஏற்கவில்லை.

அவர் வாதத்தில் நியாயம் இருக்கிறது. லண்டனில் பேசுவதற்கு முன்வந்தவர்களே குறைவு, முன்வந்தவர்களில் பலருக்கும் ஜிம்மில் இந்தப் பேச்சை எடுப்பது சங்கடமாக இருந்தது. ஆனால் இந்தப் பதிலில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. ஒரு யோசனை வேலை செய்தால் யோசனையின் பெருமை, செய்யாவிட்டால் செய்தவர்களின் குறை என்று வைத்துக்கொண்டால் அந்த யோசனையை எந்த ஆய்வாலும் மறுக்கவே முடியாது. அப்புறம், மிசிசிப்பிச் சிறு நகரத்தின் ஒன்றிரண்டு பார்களுக்கும் லண்டன் மாநகரத்துக்கும் உள்ள வித்தியாசம் பயிற்சியின் தரம் மட்டும் அல்ல. லண்டனில் பத்தாண்டுகளுக்கும் மேலாக அந்தச் சமூகத்தில் எய்ட்ஸ் பற்றிய பேச்சு ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. 1991ன் பிலாக்சியில் ஒருவர் பாரில் ஆணுறை பற்றிப் பேசியிருந்தால் அதுதான் அன்றைக்குச் செய்தி.

சென்னை

இப்போது 2010 கட்டுரைக்கு வருவோம். அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் நடத்திய இந்த ஐந்து நாட்டு ஆய்வில் கெல்லியின் யோசனைதான் சோதனைக்கு வந்தது. சென்னைக் களத்தை நடத்தியது ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற எய்ட்ஸ் சிகிச்சை, ஆய்வு அமைப்பு. அதை 1993ல் நிறுவியவர் மருத்துவர் சுனிதி சாலமன். இந்தியாவில் ஹெச்.ஐ.வி. இருக்கிறது என்று 1986ல் முதன்முதலாகக் கண்டுபிடித்தது அவரும் சென்னை மருத்துவக் கல்லூரியில் அவரது மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலாவும்தான். நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடமிருந்து சேகரித்த இரத்த மாதிரிகளை வேலூரில் சோதித்தபோது ஆறில் தொற்று தெரிந்தது. இந்த நோய் வெளிநாட்டுக்காரர்களுடையது, நமக்கு வராது என்று படித்தவர்களே நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

ஒயின் ஷாப்பைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆய்வுக்கு முன் ஆய்வாளர் சுதா சிவராமும் மற்றவர்களும் செய்த களப்பணி, கடை என்பது குடிக்கிற இடம் மட்டும் இல்லை என்று காட்டியது. வேலை முடிந்து அதே ஆட்கள் அதே கூட்டாளிகளோடு தினமும் கூடுகிறார்கள். பெண்களைப் பற்றிய பேச்சு, பாலியல் தொழில் நடக்கும் இடங்கள் பற்றிய தகவல், சேர்ந்து கிளம்பிப் போவது எல்லாம் அங்கேதான் முடிவாகிறது. குடி ஏறிய பிறகு ஆணுறை நினைவுக்கு வருவதில்லை. வீட்டில் பேச முடியாததை, டாக்டரிடம் கேட்க முடியாததை ஆண்கள் பேசும் இடம் அது. பிலாக்சியின் பாருக்குச் சென்னையில் ஈடு தேடினால் வேறு எங்கே போவது?

கடைகளை இணை இணையாகப் பொருத்தி, குலுக்கல் முறையில் ஒன்றில் பயிற்சி, மற்றொன்றில் இல்லை என்று பிரித்தார்கள். பயிற்சிக் கடைகளில் ரோஜர்ஸ் கணக்குப்படி 15 சதவீதம் பேர் வரை பேச்சு எடுபடுகிற ஆட்களைத் தயார் செய்வது திட்டம். தொடக்கத்திலும் 12, 24 மாதங்களிலும் நேர்காணல். கூடவே இரத்தம், சிறுநீர் போன்ற மாதிரிகளை எடுத்து ஹெச்.ஐ.வி., சிஃபிலிஸ், கொனோரியா, கிளாமிடியா, ஹெர்பீஸ், ட்ரைக்கோமோனாஸ் எல்லாம் சோதித்தார்கள். முந்தைய அமெரிக்க ஆய்வுகள் மனிதர்கள் சொன்னதை மட்டும் வைத்து முடிவு செய்தன. இதில் உடலே சாட்சி சொல்லியாக வேண்டும். தன் யோசனையை இவ்வளவு கடுமையான சோதனைக்கு உட்படுத்த ஒப்புக்கொண்டதற்காகவே கெல்லியை மதிக்கிறேன்.

சரி, பயிற்சி நடக்காத கடைக்கு வந்துபோனவருக்கு என்ன கிடைத்தது?

முதலில் ஹெச்.ஐ.வி. பற்றிய விளக்கம். பிறகு ஒரு நீண்ட தனிப்பட்ட நேர்காணல்: கடந்த மாதங்களில் யாரோடு, எத்தனை முறை, ஆணுறை இருந்ததா, இல்லையா. அதன்பின் பரிசோதனை, முடிவைத் தெரிவிக்கும்போது ஆலோசனை. பால்வினை நோய் இருந்தால் சிகிச்சை. ஆணுறை கிடைக்க வழி. ஓராண்டு கழித்து இதே சுற்று மறுபடியும். தன் வாழ்நாளில் யாரும் அவரிடம் மரியாதையோடு, குரலில் கண்டனம் இல்லாமல் இந்தக் கேள்விகளைக் கேட்டிருக்க மாட்டார்கள். இதைக் ‘கட்டுப்பாட்டுக் குழு’ என்று சொல்லலாம். ஆனால் ‘ஒன்றும் செய்யாத குழு’ என்று சொல்ல முடியாது.

இவ்வளவு கொடுத்தது தவறும் இல்லை. சிஃபிலிஸ் இருப்பது தெரிந்தும் சிகிச்சை தராமல் மனிதர்களைப் பல பத்தாண்டுகள் வேடிக்கை பார்த்த டஸ்கிகி ஆய்வு 1972ல் அம்பலமான பிறகு, தெரிந்த நோயைச் சிகிச்சையில்லாமல் விட்டுவைக்கும் ஆய்வை மனசாட்சியுள்ள யாரும் நடத்த முடியாது. ஆனால் அறம் கேட்ட அந்தக் கவனிப்பு, ஒப்பீட்டின் தரையை உயர்த்திவிட்டது. இதை ஊகமாகச் சொல்லவில்லை. 1998ல் அமெரிக்காவில் 5,758 பேரிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில், வெறும் தகவல் சொன்னவர்களோடு ஒப்பிடும்போது, 20 நிமிடம் வீதம் இரண்டு முறை உட்கார்ந்து பேசிய ஆலோசனை மட்டுமே ஆறு மாதத்தில் புதிய பால்வினை நோய்களை 30 சதவீதமும் ஓராண்டில் 20 சதவீதமும் குறைத்தது. ஒயின் ஷாப் ஆய்வின் இரண்டு பக்கமும் அதற்குக் குறையாத கவனிப்பு நடந்திருக்கிறது.

இது ஆய்வுக்குள் நடந்தது. வெளியே நடந்ததையும் பார்க்க வேண்டும். தமிழ்நாடு 1994லேயே மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தைத் தொடங்கி, நாட்டுக்கே முன்மாதிரியாக இருந்தது. 2003 வாக்கில் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற கேள்வி தெருவெல்லாம் நின்றது. அந்தப் பெயர் வகுப்பறையில், பஸ்ஸில், டீக்கடையில் அடிபட்டதை நம்மில் பலரும் மறந்திருக்க மாட்டோம். அந்தப் பெயரைக் கேலிக்குப் பயன்படுத்தியவர்கள் உண்டு, அதனால் நொந்தவர்களும் உண்டு. அந்தப் பிரசாரத்தின் எல்லா விளைவையும் நான் ஆதரிக்கவில்லை. ஆனால் பேச வாய் வராத ஒரு விஷயத்தைப் பேச்சுக்குக் கொண்டுவந்தது அது. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது தாம்பரம் மருத்துவமனை அதன் முதல் மையங்களில் ஒன்று.

ஒயின் ஷாப்பே மாறிக்கொண்டிருந்தது. 2003 நவம்பர் கடைசியில் மதுவின் சில்லறை விற்பனை தனியாரிடமிருந்து டாஸ்மாக் கைக்குப் போனது. கடை எங்கே இருக்கும், யார் நடத்துவார், பார் எப்படி இயங்கும் என்பதெல்லாம் மாறும்போது, ‘ஒரு கடை, ஒரு கூட்டம்’ என்ற ஆய்வின் அடிப்படை அலகே ஆட்டம் காணும். பிலாக்சியின் பாரில் இப்படி ஒன்று நடக்கவில்லை.

வெளியே அடித்த காற்றின் அளவுக்கு ஓர் எண்ணும் இருக்கிறது. 2006ல் வெளியான ஒரு ஆய்வு, 2000க்கும் 2004க்கும் இடையே தென்மாநிலங்களில் மகப்பேறு மையங்களுக்கு வந்த 15 முதல் 24 வயதுப் பெண்களில் ஹெச்.ஐ.வி. 1.7 சதவீதத்திலிருந்து 1.1 சதவீதமாகக் குறைந்ததைக் காட்டியது. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஆண்கள் பாலியல் தொழிலாளர்களிடம் போவது குறைந்ததும் ஆணுறை பயன்பாடு கூடியதும் காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆசிரியர்கள். ஆக, ஒயின் ஷாப்பில் யார் வந்து யாருக்குப் பயிற்சி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அலை ஏற்கனவே வடிந்துகொண்டிருந்தது.

என் வாசிப்பு, அதற்கு எதிரான வாதம்

நான் எடுக்கும் முடிவு இது: பேச்சு எடுபடுகிற ஆளின் பலம், மற்றவர்களின் மௌனத்தைப் பொறுத்தது. யாரும் பேசாத ஊரில் ஒருவர் பேசினால் அது மாற்றத்தைக் கொண்டுவரும். சுவரும் டிவியும் மருத்துவமனையும் பேசிக்கொண்டிருக்கும் ஊரில், பரிசோதனையும் சிகிச்சையும் கையில் கிடைத்த மனிதரிடம், நண்பர் கூடுதலாகச் சொல்வது அளந்து பார்க்கும் அளவுக்கு எதையும் சேர்க்காது. 1991க்கும் 2010க்கும் இடையில் பயிற்சி பெரிதாக மாறவில்லை. எதோடு ஒப்பிட்டார்கள் என்பதுதான் தலைகீழாக மாறியிருந்தது. ஒரு தலையீட்டு ஆய்வின் சுருக்கத்தில் ‘பலனில்லை’ என்று பார்த்தால், நான் இப்போது முதலில் தேடுவது ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன கொடுத்தார்கள் என்ற பத்தியைத்தான்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியது நிறைய இருக்கிறது. தமிழ்நாட்டுக் கதை ரஷ்ய விடுதிக்கோ பெருவின் குடியிருப்புக்கோ பொருந்தாது. ஐந்து நாடுகளிலும் ஒன்றாக நடந்தது நேர்காணலும் பரிசோதனையும் சிகிச்சையும் மட்டும்தான், அதனால் அந்தப் பாதிக்குத்தான் என் வாதத்தில் வலு அதிகம். நோய்த் தொற்று எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்ததில், தொடக்கத்திலேயே நோயைக் கண்டு குணப்படுத்தியதற்குப் பங்கிருக்க வேண்டும். 33 சதவீதக் குறைவில் ஒரு பகுதி, கேட்டவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லக் கற்றுக்கொண்டதாலும் இருக்கலாம். இரண்டாம், மூன்றாம் நேர்காணலில் மனிதர்கள் அதைச் செய்வார்கள்.

இன்னும் கடுமையான வாதமும் உண்டு. அமெரிக்க வெற்றிகள் எல்லாமே சொல்லக் கேட்ட பதில்களில் கிடைத்தவை. ஆய்வகச் சோதனை நுழைந்ததும் பலன் மறைந்துவிட்டது. 2004ல் வெளியான இன்னொரு பெரிய அமெரிக்க ஆய்வு, 4,295 ஆண்களில் ஒரு பாதிக்குப் பத்து அமர்வு தனி ஆலோசனை கொடுத்து ஹெச்.ஐ.வி. தொற்றையே அளந்தது. ஆலோசனை பெற்றவர்களில் தொற்று 18.2 சதவீதம் குறைவு. ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்பதைப் புள்ளியியலால் விலக்க முடியவில்லை. அந்த ஆய்விலும் மறுபாதிக்கு ஆண்டுக்கு இருமுறை நல்ல ஆலோசனை கிடைத்தது. நடத்தை மாற்றத்தின் பலன் உண்மையானது, ஆனால் கட்டுரைகள் முதலில் சொன்னதைவிடச் சிறியது என்று ஒருவர் முடிவு செய்தால் அவரோடு சண்டை போட என்னிடம் ஆதாரம் இல்லை. ஒயின் ஷாப் ஆய்வு அந்த யோசனையைக் கொன்றுவிட்டது என்று சொன்னால் மட்டும் சண்டை போடுவேன்.

அதன் பிறகு

கெல்லி குழு 2010க்காகக் காத்திருக்கவில்லை. 2005லேயே ஆய்வாளர் யூரி அமிர்கானியனோடு சேர்ந்து ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கிலும் பல்கேரியாவின் சோஃபியாவிலும் இளம் தற்பாலீர்ப்பு ஆண்களின் 52 நட்பு வட்டங்களை எடுத்துச் சோதித்தார்கள். இங்கே அலகு பாரோ கடையோ இல்லை. ஐந்தாறு பேர் கொண்ட நிஜமான நண்பர் கூட்டம். தலைவரைத் தேர்ந்தெடுத்தது அந்த வட்டத்தின் உறுப்பினர்களே: யாருடைய யோசனையை நம்புவீர்கள் என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில்களிலிருந்து. மூன்று மாதத்தில் பாதுகாப்பற்ற உறவு 71.8 சதவீதத்திலிருந்து 48.4 சதவீதமாகக் குறைந்தது. கடை இடம் மாறினாலும் உரிமம் கைமாறினாலும் நண்பர் வட்டம் கலையாது. ஒயின் ஷாப் கற்றுக்கொடுத்திருக்க வேண்டிய பாடம் இங்கே முன்கூட்டியே இருந்திருக்கிறது.

2011ல் தடுப்பின் திசையே மாறியது. ஒன்பது நாடுகளில், சென்னையும் உட்பட, 1,763 தம்பதிகளிடம் நடந்த ஆய்வு, தொற்றுள்ளவர் சீக்கிரமே மருந்து எடுக்கத் தொடங்கினால் துணைக்குத் தொற்று பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. சென்னையில் அதை நடத்தியதும் ஒய்.ஆர்.ஜி. கேர்தான். 33, 20 என்ற எண்களுக்கு அருகில் 96ஐ வைத்தால் நிதியும் கவனமும் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் 2015ல் வெளியான ஆப்பிரிக்க ஆய்வு ஒன்று வேறொரு படத்தைக் காட்டியது. தொற்று வராமல் தடுக்கும் மாத்திரையும் ஜெல்லும் 5,029 பெண்களிடம் சோதிக்கப்பட்டன. தடுப்பு நடக்கவில்லை. இரத்த மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றில்தான் மருந்தே இருந்தது. பெரும்பாலானவர்கள் எடுத்துக்கொள்வதாகத்தான் சொல்லியிருந்தார்கள். மாத்திரை டப்பா வீட்டில் கணவர் கண்ணில் படுமே, அக்கம்பக்கத்தில் யாராவது பார்த்துத் தொற்று இருக்கிறது என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தை எந்த மருந்தும் தீர்க்காது.

கெல்லியும் அமிர்கானியனும் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் பிற்பாடு செய்த வேலை இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்கிறது. தொற்றுள்ளவர்களின் நட்பு வட்டங்களில் பேச்சு எடுபடுகிறவரைக் கண்டுபிடித்து, மருத்துவமனைக்கு வராமல் விலகிப்போனவரைத் திரும்ப அழைத்துவரவும் மாத்திரையை நிறுத்தாமல் இருக்கவும் பேசவைப்பது. பிலாக்சியில் சட்டைப் பட்டனைக் காட்டி ‘இது என்ன?’ என்று ஆரம்பித்த அதே பேச்சு. ஆணுறைக்குப் பதில் இப்போது அதில் மாத்திரையும் அடுத்த இரத்தப் பரிசோதனைத் தேதியும் வருகின்றன.